சோலையம்மாளுக்கு வாசலோரம் ஒரு இடம்

1

இந்தக் கதை ஒரு பெண்கள் வார்டின் கக்கூஸ் வாசலில் பிறந்தது. மலைச்சரிவில், பனி விலகுகிற விடியலில் பிறந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். போடிக்காரி எழுதினால் ஏலக்காய் மணக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மணக்கும். அதற்கு முன்னால் வேறொன்று நாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் சோலையம்மாளுக்கும் ஒரே நாளில் ஒரே டாக்டர் ஒரே ஆபரேஷனைச் செய்தார். இறங்கிப்போன கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, புடைத்துத் தொங்கிய முன்சுவரையும் பின்சுவரையும் இழுத்துத் தைக்கிற ஆபரேஷன். நான் போடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். அவள் ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டு ஏறி, கேரளத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தையலுக்குப் பிறகு முதல் தடவை வெளிக்கிப் போனால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் காலையும் மாலையும் வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, மோஷன் போச்சா என்று விசாரித்துவிட்டுப் போவாள். எங்கள் குடலைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒருவர் விசாரித்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான்.

இருவருக்கும் தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம். கக்கூஸ் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நீ முதலில் போ, இல்லை நீங்க முதலில் போங்க என்று மரியாதை காட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அவள் என் காதருகில் குனிந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்கக் கூடாது. இனிமே வெரல வச்சு அமுக்காம வருமா?"

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின்சுவர் பைபோலப் புடைத்துவிட்டால், மலம் நேரே வெளியே வராமல் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு முக்கினாலும் நகராது. உள்ளே விரலை வைத்து அந்தச் சுவரை அமுக்கினால்தான் வரும். நான் அதைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். என் கணவர் ராஜாராமுக்குத் தெரியாது. என்னைப் பெற்றவளும் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி அசிங்கம் பிடித்தவள் என்று நினைத்திருந்தேன். சோலையம்மாளும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்திருந்தாள்.

நீயுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவள் அழவில்லை, கதவைத் திறந்துகொண்டு முதலில் போய்விட்டாள்.

2

தொடக்கம் ஒன்று:

மேற்குமலையின் மடியில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த அந்த விடியலில், சோலையம்மாள் தன் பெண்மையின் வலியை

வேண்டாம். பெண்மைக்கு ஒன்றும் வலிக்கவில்லை. வலித்தது பின்பக்கத் தையல்.

தொடக்கம் இரண்டு:

நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஒவ்வொரு ஏலக்காயிலும் ஒரு பெண்ணின்

இதுவும் வேண்டாம். பாயசத்தை நினைத்து மனம் உருகுகிற வாசகரை எனக்குத் தெரியும். உருகி முடித்ததும் இன்னொரு டம்ளர் கேட்பார்.

தொடக்கம் மூன்று:

ஏலச்செடியில் காய் தலையில் காய்க்காது.

இது பரவாயில்லை, உண்மையாகவாவது இருக்கிறது. செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய்க்கிற சரம் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். எடுக்கிறவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குத் தவளைபோல நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். பகல் முழுக்க அடிவயிற்றுப் பாரம் எல்லாம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பச்சைக்காய் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி, காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போக வேண்டும். நாலு பிள்ளை பெற்ற உடம்பு எத்தனை வருஷம் தாங்கும்? அடி தள்ளிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு ஏன் தள்ளியது என்று கேட்காதீர்கள். நான் எந்த மூட்டையும் தூக்கவில்லை. பிரசவங்கள் மோசம், அவ்வளவுதான்.

[இந்தக் கதையின் முதல் வடிவத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் நல்ல மனிதர், உடனே பேசினார். பெண் உடலைப் பற்றித் துணிச்சலாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். மலம் வருகிற இடங்களை மட்டும் 'வயிற்று உபாதை' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டார். கண்ணீர் வரலாம், தாய்ப்பால் வரலாம், இப்போதெல்லாம் தீட்டுரத்தம்கூட வரலாம், பரிசே கொடுக்கிறார்கள். பீ வந்தால் மட்டும் இலக்கியம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் மேடம் என்றார். யோசித்துவிட்டேன். மாற்ற மாட்டேன்.]

3

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பல பெண்களுக்கு வெளிக்கிப் போவது சுலபமாகிவிடுகிறது. எனக்கு ஆனது. விரல் வேண்டியிருக்கவில்லை, முக்கல் இல்லை. முதல் மாதம் முடிந்தபோது கக்கூஸில் உட்கார்ந்துகொண்டே கடவுளுக்கு நன்றி சொன்னேன். சிலருக்குப் பழைய சிரமம் அப்படியே இருக்கிறது. சிலருக்கு முன்பு இல்லாத ஒன்று புதிதாகத் தொடங்குகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி, நியாயம். அப்படிச் சொல்ல முடியாது என்பதையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சோலையம்மாளுக்கு அடக்க முடியாமல் போனது. வருகிறது என்று தெரிந்ததும் எழுந்து ஓடினாலும் பாதி வழியிலேயே வந்துவிடும். மறுபரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் திரும்ப ஏதாவது வெளியே தள்ளுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். தையலைப் பார்த்தார், அருமையாக ஆறியிருக்கிறது என்றார், ஆபரேஷன் சக்ஸஸ் என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை, இவளாகவும் சொல்லவில்லை. ஆம்பளை டாக்டர், சுற்றிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வேறு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிக்குச் சந்தைக்கு வந்தவள் என் வீட்டுக்கும் வந்தாள். காபி வேண்டாம் என்றாள், தண்ணீரும் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. நான் அவளை மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். தலைச்சன் பிரசவத்திலேயே ஆசனவாய்த் தசை கிழிந்து, சரியாகச் சேராமல் இருந்திருக்க வேண்டும் என்றார். முன்பு அந்தப் பை மலத்தைத் தேக்கி வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை, இப்போது பை இல்லை என்பதால் தெரிகிறது. முதலிலேயே கேட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், மாத்திரை எழுதினார், மெல்ல மெல்லக் குறையும் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிடணும், பட்டினி கிடந்தால் கட்டுக்குள் வராது, அதுவரை கக்கூஸ் பக்கத்தில் இருக்கிற மாதிரி வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சோலையம்மாள் சிரித்தாள்.

"அந்தம்மா ஜீப்புல கக்கூசு கட்டச் சொல்றாக டீச்சர்."

4

இப்போது ஜீப்பு.

விடியும் முன்பே ராசிங்காபுரத்திலிருந்து கிளம்பும். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீளச் சீட்டு, நடுவில் தரையில் குந்தியிருப்பவர்கள், வாசல் விளிம்பில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற இரண்டு பேர். இத்தனை பேரும் ஒரு செட்டு. செட்டில் இடம் இருந்தால்தான் எஸ்டேட்டில் வேலை. அடிவாரத்து முந்தலைத் தாண்டிக் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கினால் டிரைவர் சுருளிவேல் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் பின்னால் வருகிற ஜீப்புகள் எல்லாம் ஹாரன் அடிக்கும், எஸ்டேட்டில் பெயர் எழுதுவதற்குள் போய்ச் சேர முடியாது. அதனால் மலைக்குப் போகிற பெண்கள் முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள், காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவார்கள், மேலே போய்த்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள். இது சட்டம் இல்லை, பழக்கம். உடம்பை ஜீப்புக்குத் தக்கபடி இறுக்கி வைத்திருக்கிற பழக்கம். பலருக்கு மலச்சிக்கலே இதில்தான் தொடங்குகிறது, ஆனால் அதுவும் யாரும் கேட்காத கேள்வி.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, ஆடி பிறந்ததும் சோலையம்மாள் திரும்ப ஜீப்பு ஏறினாள். மற்றவர்கள் காலையில் மட்டும்தான் பட்டினி. இவள் மேலே போயும் தூக்குவாளியைத் திறக்கவில்லை, இரவு வீட்டுக்குத் திரும்பித்தான் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். செட்டுக்கு மூத்தவளான இருளம்மாள் இதைக் கவனித்தாள். ஆடி மாதம், வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் ஒருத்தி இருக்கிறாள் என்றால் வேறு என்னவாக இருக்கும்?

"வெரதமாத்தா?" என்று கேட்டாள்.

சோலையம்மாள் ஆமென்று தலையை ஆட்டினாள். கதை முழுக்க அந்தத் தலையாட்டலில்தான் மாட்டிக்கொண்டது.

எதற்கு விரதம், என்ன நேர்ச்சை என்று யாரும் கேட்கவில்லை. நேர்ந்துகொண்டதைக் கேட்டால் பலிக்காது என்பார்கள். அதற்குப் பதிலாக மரியாதை செய்தார்கள். அதுவரை சோலையம்மாள் உட்கார்ந்தது வாசலோரம். ஏறுகிறவள் இறங்குகிறவள் கால் எல்லாம் அங்கே படும், விரதக்காரி மேல் கால் படலாமா? எல்லாரும் எழுந்து அவளை ஜீப்பின் உள்கோடிக்கு, டிரைவர் முதுகுக்குப் பின்னாலுள்ள மூலைக்கு அனுப்பினார்கள். குளிர் படாத, தள்ளுமுள்ளு இல்லாத நல்ல இடம் அது. அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் செட்டு மொத்தமும் உட்கார்ந்துகொண்டது.

[எனக்கு இங்கே ஒரு சந்தேகம். சோலையம்மாள் ஏன் அன்றைக்கே மறுக்கவில்லை? கதாபாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன். என் கணவரிடம் நான் எத்தனை வருஷம் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன்? தினமும் கக்கூஸில் அவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று அவர் கேட்கும்போதெல்லாம் பேப்பர் படிக்கிறேன் என்று சொன்னவள் நான்.]

5

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. விரதம் முடியவில்லை என்றதும், இது பெரிய நேர்ச்சை என்று இருளம்மாள் தீர்மானித்தாள்.

ஒருநாள், தங்கச்சி வீட்டு விசேஷத்தில் கட்டாயப்படுத்திப் பரிமாறியதைச் சோலையம்மாள் சாப்பிட்டுவிட்டாள். மறுநாள் முந்தல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முறுக்கியது. தொடையை இறுக்கிக்கொண்டு, சுருளி அண்ணே கொஞ்சம் ஓரங்கட்டுங்க என்று வாய்க்குள்ளேயே சொல்லியிருக்கிறாள். இன்ஜின் இரைச்சலில் டிரைவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மந்திரம் சொல்கிறாள் என்று அவள் அடுத்தவளிடம் சொல்ல, ஜீப்பே பேச்சை நிறுத்தியது. வளைவில் திரும்பும்போது சோலையம்மாளுக்கு வந்துவிட்டது.

[நாறவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டீசல், ஈரச்சாக்கு, வளைவுக்கு வளைவு யாராவது எடுக்கிற வாந்தி, இதெல்லாம் அந்த ஜீப்பில் எப்போதும் உண்டாம். மடித்து வைத்திருந்த பழந்துணி பாதியைத் தாங்கிக்கொண்டது. மீதிக்கு அவள் சொன்ன பதில்: "சாமி பக்கமிருந்து நாத்தம் வரும்னு யாரு டீச்சர் நெனப்பா?"]

ஜீப்பு எஸ்டேட்டில் நின்றது. விரதக்காரி முதலில் இறங்கட்டும் என்று எல்லாரும் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் இறங்கி, செருப்போடு நேரே ஓடைக்குள் போய்க் கழுத்துவரை உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குளிரில் அந்தத் தண்ணீரில் கையை வைக்கவே ஆள் தயங்கும். பல் கிட்டி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீருக்கடியில் சேலையைக் கசக்கினாள். கரையில் நின்ற இருளம்மாள் அந்த ஆட்டத்தைப் பார்த்தாள், கைகூப்பினாள், நாக்கைச் சுருட்டிக் குலவை போட்டாள். செட்டு முழுக்கச் சேர்ந்து குலவை போட்டது. எந்து பற்றி, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்த மலையாளத்துச் சூப்பர்வைசரிடம், அருள் வந்திருக்கிறது என்றார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இதைச் சொல்லும்போது சோலையம்மாள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே செத்தும் போனது. அவள் தன் பீயைக் கழுவிக்கொண்டிருந்தாள், அவர்கள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது கிட்டே போய், என்னத்தா செய்யுது என்று கேட்டிருக்கலாம். சாமியிடம் அப்படிக் கேட்க முடியாதுதான். எனக்கு அந்தப் பெண்கள் மேல் ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேல் ஆத்திரப்பட்டு என்ன செய்ய, டாக்டருக்குப் படித்தவரே கேட்காத கேள்வி.

6

அதிலிருந்து அவளிடம் திருநீறு கேட்கிறார்கள். இருளம்மாள் தன் மகளுக்குப் பிள்ளை எப்போது உண்டாகும் என்று குறி கேட்கிறாள். உள்கோடிச் சீட்டில் மஞ்சள் துணி விரித்திருக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது வாசலோரம் ஒரு இடம், கம்பியைத் தட்டினால் நிற்கிற ஜீப்பு, வேளைக்கு ஒரு கவளம் சோறு. அவ்வளவும் கிடைக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. சொன்னால், பீக்கு எங்களைக் குலவை போட வைத்தாயா என்று செட்டிலிருந்தே தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் வேறு செட்டில் யாரும் சேர்க்க மாட்டார்கள், சாமியை வைத்து ஏமாற்றியவள் என்ற பெயர் மலை முழுக்கப் பரவிவிடும். சொல்லாவிட்டால் பட்டினியும் பட்டினியால் கெடுகிற குடலும் அடுத்த வளைவும்தான்.

நான் மூன்று முடிவு எழுதினேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ. சோலையம்மாள் உண்மையைச் சொல்கிறாள். ஜீப்பில் அமைதி. பிறகு இருளம்மாள் அவள் கையைப் பிடித்து, எனக்கும் அப்படித்தான் ஆத்தா என்கிறாள். அடுத்தவளும் சொல்கிறாள்.

அவள் யோசித்தாள். அது ஆஸ்பத்திரியில் நடக்கும் டீச்சர், அங்கே எல்லாருக்கும் தையல் இருந்தது என்றாள். இருந்தாலும் அந்த ஜீப்பில் இவள் ஒருத்திதான் என்று நான் நம்பவில்லை. எல்லாரும் போய்வந்த பிறகு கடைசியாகத் தனியே ஓடைப் பக்கம் போகிறவள் இருளம்மாள்தான் என்று சோலையம்மாளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

முடிவு ஆ. அவள் கடைசிவரை சொல்லவில்லை. ஓடைக்கரையில் அவள் பெயரில் ஒரு சின்னக் கோயில் எழும்புகிறது. ஆடிதோறும் கூழ்.

இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "அப்பவும் என்னைய உள்ளதான ஒக்கார வைப்பாக" என்றாள்.

முடிவு இ. அவள் மலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள்.

"அத எழுத நீங்க எதுக்கு? நாளைக்கே எந்திரிக்காமப் படுத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு."

பிறகு அவள்தான் ஒன்று சொன்னாள். செட்டில் கலையரசி என்றொரு பெண் இருக்கிறாள். டிகிரி முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை காய் எடுக்க வருகிறவள். மேலே போய்ச் சேரும்வரை போனில் எதையாவது சத்தமாக வாசித்துக்கொண்டே வருவாளாம், எல்லாரும் கேட்பார்களாம். இந்தக் கதையை அவள் வாசிக்கட்டும்.

"நான் வாயால சொன்னா எனக்குச் சித்தம் கெட்டுப்போச்சும்பாக. எழுத்துல வந்தா இருளாக்கா நம்பும்."

பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாதீக. மாத்துனா வேற எவளையோ நெனச்சு உச்சுக் கொட்டிட்டு எறங்கிப் போயிருவாக. என் பேரையே போடுங்க. முடிவ மட்டும் எழுதாதீக. வாசிச்சு முடிக்கயில அவுக மொகத்தப் பாத்துட்டு, மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன். பயமாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கு அவளைவிடப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. நான் எழுதிவிட்டு எழுந்து போனால் என் கக்கூஸ் படுக்கையறைக்குள்ளேயே இருக்கிறது.

7

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இதைக் கலையரசியின் போனுக்கு அனுப்பப் போகிறேன். பத்திரிகையில் இதை வாசிக்கிறீர்கள் என்றால், யாரோ ஒரு ஆசிரியர் மூக்கிலிருந்து கையை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜீப்பு முந்தலைத் தாண்டிவிட்டது. கலையரசி இந்த வரிக்கு வந்திருக்கிறாள், அவள் குரல் தயங்குகிறது. உள்கோடியில், மஞ்சள் துணியின் மேல், முழுதாக ஒரு வேளைச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்த ஒருத்தி தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாசிக்கிற அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

வாசலோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள். நீங்கள் இருளம்மாளாக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், யாருக்கோ கணவராக இருக்கலாம், இதுவரை விரலைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒருத்தியாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் தட்ட வேண்டிய கம்பி உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

சோலையம்மாள் வாயைத் திறக்கிறாள். தயவுசெய்து குலவை போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.